முப்பத்தாறு அடியில் குறைந்த இரண்டரை அடி

பேனை பிடித்த நாட்களை விட நான் மண்வெட்டி பிடித்த நாட்கள்தான் அதிகம். ஆகவே வாசிக்கிறவர்கள் என்னுடைய எழுத்தைப் பார்க்காமல் விசயத்தைப் பார்க்க வேண்டும். எழுதச் சொன்னது எங்கள் கழகச் செயலாளர் துசி. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை. ஒன்றைப் பிடித்தால் விடாது.

“பாதம் மாமா, கழகத்தின்ர ஆண்டு மலர் போடுறம். அந்தப் பெனல்டியைப் பற்றி நீங்கள்தான் ஒரு கட்டுரை தர வேணும்” என்று கோப்பும் கையுமாக வந்து நின்றாள்.

“அதைக் கேதீசிட்டைக் கேளன் பிள்ளை. அடிச்சவன் அவன்தானே.”

“கேதீஸ் அண்ணை வெளிநாட்டிலை. எழுத நேரமில்லையாம். நீங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள் எல்லோ?”

“நிண்டனான்தான்.”

“பிறகென்ன? நாலு பக்கம் போதும். சந்தோசமா எழுதுங்கோ மாமா. பழைய சண்டையளைக் கிளறாதையுங்கோ.”

துசி, கோபிக்காதே. கிளறத்தான் போகிறேன்.

என் பெயர் சிவபாதம். விசுவமடுவில் எங்கள் பொது விளையாட்டு மைதானத்தைப் பராமரித்தவன். பிரதேச சபையில் நாட்கூலிக்கு அமைய ஊழியனாகச் சேர்ந்து, இடம்பெயர்ந்து அலைந்த காலம் போக மிச்சக் காலம் முழுக்க அந்தப் புல்லோடும் புழுதியோடும் கிடந்து, போன வருசம் ஓய்வு பெற்றேன். இப்போது மைதானத்துக்குச் சில்லுப் பூட்டிய மெசின் ஒன்று வந்திருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போனால் வெள்ளைக் கோடு தானாக விழுகிறது. ஒரு நாள் நானும் தள்ளிப் பார்த்தேன். நல்ல மெசின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் காலத்தில் கோடு என்பது சுண்ணாம்பு. அதை முதல் நாளே தண்ணி விட்டு நீற வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைச் சுண்ணாம்பைக் கொட்டினால் விழுந்தெழும்பும் பெடியளின் முழங்கால் வெந்து போகும். சேர்ந்த புதிதில் ஒரு தடவை அப்படிச் செய்து, ஒரு தாயிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. மற்றப்படி எனக்கு யாரும் தொழில் பழக்கவில்லை. கோடு பிடிக்கும் வித்தை அப்பாவிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துத் தீவிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர் அவர். வயலில் வரம்பு பிரிக்க ஒரு சணல் கயிறு வைத்திருந்தார். அளவுக்கு முடிச்சுப் போட்டு, முடிச்சில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். நானும் அதே மாதிரி ஒன்று செய்தேன். பதினெட்டு அடியில் ஒரு முடிச்சு, அது சின்னப் பெட்டிக்கு. முப்பதில் ஒன்று, நடு வட்டத்துக்கு. முப்பத்தாறில் ஒன்று, தண்டனை உதைப் புள்ளிக்கு, அதாவது பெனல்டி அடிக்கிற இடத்துக்கு. ஐம்பத்து நான்கில் கடைசி, பெரிய பெட்டிக்கு. முனையை ஒரு முளையில் கட்டி அடித்துவிட்டால் ஒற்றை ஆள் முழு மைதானத்துக்கும் கோடு போடலாம். எனக்கு அதில் பெருமை அதிகம், மறைக்கவில்லை.

அந்தப் பெருமையில் முதல் கல் எறிந்தவர் தகேதா மாஸ்டர்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து, தகரக் கொட்டில்கள் மெல்ல மெல்லக் கல்வீடாகத் தொடங்கியிருந்த காலம். யப்பானிலிருந்து தொண்டு வேலைக்கு வந்த உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை இரண்டு வருசத்துக்கு எங்கள் கழகத்துக்குத் தந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்து, மாலையோடு பஸ் தரிப்பில் நின்றோம். இறங்கியது மெலிந்த, தலை நரைத்த, முதுகில் பையோடு ஒரு மனிசன். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து எல்லோருக்கும் கும்பிட்டார். கடைசியில் நின்ற எனக்கும் அதே அளவு வளைந்தார். பிரதேச சபைத் தொழிலாளிக்கு அதுவரை யாரும் அப்படி வளைந்ததில்லை. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

கொழும்பில் மூன்று மாதம் தமிழ் படித்தவராம். வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரித்தான் கதைப்பார். “சிவபாதம் அவர்களே, நாளை காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன்” என்பார். பெடியள் சிரித்துச் சிரித்து வயிறு நோவார்கள். அவர் கோபிக்க மாட்டார். ஆனால் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கவே வந்து நிற்பார். பிந்தி வருகிறவனை ஏச மாட்டார், தண்டிக்கவும் மாட்டார். அவன் வரும் வரைக்கும் பயிற்சியைத் தொடங்காமல் நிற்பார், அவ்வளவுதான். இருபது பேர் வெயிலில் நின்று ஒருத்தன் சைக்கிளில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏச்சை விட அது மோசம். இரண்டு கிழமையில் எல்லோரும் நேரத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஒவ்வொரு போட்டிக்கு அடுத்த நாளும் விடிய மைதானத்துக்கு வருவார். எந்த இடத்தில் புல் பெயர்ந்தது, எந்தக் கம்பம் சரிந்தது, வலையில் எத்தனை ஓட்டை என்று கொப்பியில் எழுதுவார். வென்றாலும் எழுதுவார், தோற்றாலும் எழுதுவார். அடை மழை பெய்தால் குடையைக் கழுத்துக்குள் இடுக்கிக்கொண்டு எழுதுவார்.

வந்த முதல் கிழமையே ஒரு உருக்கு அளவு நாடாவைக் கொண்டு வந்து என் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். கயிறு அரை அங்குலம்தான் பிழை. எனக்கு உச்சி குளிர்ந்து போனது.

“பாத்தியளோ மாஸ்டர்? என்ர கயிறு பிழைக்காது.”

“மிகவும் நல்ல கயிறு. ஆனால் இன்று முதல் இதைப் பயன்படுத்துங்கள்” என்று நாடாவை இரண்டு கையாலும் நீட்டினார்.

வாங்கினேன். அவர் பார்க்கும்போது நாடா, பார்க்காதபோது கயிறு. நாடாவுக்கு மற்ற முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், கயிற்றுக்கு முளை போதும். அது ஒரு சாட்டுத்தான். உண்மைக் காரணம் என்னுடைய ரோசம்.

மாஸ்டர் விளையாடி வளர்ந்தது அவருடைய ஊரில் ஒரு சின்னக் கழகத்தில். யப்பானின் வடக்கே, கடற்கரைப் பட்டணம். நாட்டுக்குள்ளேயே பாதிப் பேருக்கு அந்த ஊரின் பெயர் தெரியாதாம். அந்தக் கழகத்தின் வரலாற்றுப் புத்தகத்தை அவர் எங்கும் கொண்டு திரிவார். மண்ணிற மட்டை, உள்ளே நிறையப் படம். பயிற்சி முடிந்து நாங்கள் வேம்பின் கீழ் தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொரு பக்கமாக விரித்துச் சொல்லுவார். மீன் தகரத்தில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர்கள் வேலை விட்டதும் மீன் நாற்றம் போகாத உடுப்போடேயே முற்றத்தில் விளையாடித் தொடங்கிய கழகமாம். பிறகு தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். கழகமும் போய்விடும் என்று எல்லோரும் நினைக்க, பட்டணத்துச் சனம் பாடசாலை மண்டபத்தில் கூடி, “இனி இது எங்களுடையது” என்று எடுத்துக்கொண்டதாம். மீன் சந்தைப் பெண்கள் கொடி தைத்தார்கள். தலைமயிர் வெட்டுகிறவர் விளையாட்டு வீரர்களுக்குச் சும்மா வெட்டிவிட்டார். அப்படியே ஏறி ஏறி, சம்பளத்துக்கு விளையாடுகிற தொழில்முறை லீக்கின் கடைசிப் பிரிவு வரைக்கும் போனார்கள். ஒரு வருசம் மேல் பிரிவுக்கும் போனார்கள். அடுத்த வருசமே விழுந்தார்கள். இன்னும் இருக்கிறார்களாம். எங்கள் பெடியளுக்கு இந்தக் கதை நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. எல்லாம் இழந்துவிட்டுத் திரும்பவும் கம்பம் நட்டவர்கள் நாங்களும்தானே.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வெறும் மேசையின் படம். ஒன்றுமே இல்லை, மேசை மட்டும்.

“இதென்ன மாஸ்டர், படம் பிழையா அச்சடிச்சுப் போட்டினமோ?” என்று கேதீஸ் கேட்டான். அவன்தான் எங்கள் அணித் தலைவன்.

“இல்லை. எங்கள் கழகம் முதலாவது கிண்ணம் வென்றது. ஆனால் ஒரு விளையாட்டு வீரர் நோயாக இருந்தார். அவருடைய பெயரில் அவருடைய தம்பி விளையாடினார். யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அணித் தலைவர் தானே போய்ச் சொன்னார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இது கிண்ணம் இருந்த மேசை.”

“அதை ஏன் மாஸ்டர் முதல் பக்கத்திலை போட்டவை? வெக்கக்கேடெல்லோ!”

மாஸ்டர் கொஞ்ச நேரம் சொல் தேடினார். “அன்றுதான் ஊர் எங்களை நம்பத் தொடங்கியது” என்றார்.

பெடியள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டு எழும்பிப் போனோம்.

இனி அந்தப் போட்டிக்கு வருகிறேன். அவருடைய இரண்டாவது வருசம். வென்றால் மாகாண முதற் பிரிவு. அங்கே ஏறினால் கொழும்புக் கழகங்களின் கண்ணில் படலாம், சம்பளத்துக்கு விளையாடலாம். எதிரணி ஒட்டுசுட்டான் பக்கத்துக் கழகம். அவர்களின் கோல் காப்பாளன் நிரோசன், இருபது வயசு. அந்த வயசில் அவனைப் போல ஒரு காப்பாளனை நான் வன்னியில் கண்டதில்லை. பந்து வருகிற திசைக்கு அவன் பாய்வதில்லை, அங்கே முதலே போய் நிற்பான். மாவட்ட அணிக்கு எடுக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அவனுடைய தகப்பன் செல்லத்துரை அண்ணைதான் அந்தக் கழகத்தின் தலைவர். தாய் எங்கள் ஊர்க்காரி, எங்கள் கேதீசுக்குச் சொந்த மாமி. அதாவது கேதீசும் நிரோசனும் மச்சான்மார்.

மாரி தொடங்கிவிட்டது. இரண்டு தடவை தள்ளிப் போட்ட போட்டி. முதல் நாளே முழு மைதானத்துக்கும் மாஸ்டருக்கு முன்னால் நாடா பிடித்துக் கோடு போட்டு முடித்தேன். இரவு முழுக்க மழை கொட்டியது. விடியப் போய்ப் பார்த்தால் றோட்டுப் பக்கக் கோடுகள் தப்பியிருந்தன. குளத்துப் பக்கம் பள்ளம். பெட்டி, புள்ளி, வளைவு எல்லாம் கழுவுப்பட்டு வெறும் சேறு. மதியம் வரைக்கும் தூறல் விடவில்லை. விட்டபோது போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. நாடா பிடிக்கிற கூட்டாளி மழையில் வரவில்லை. மாஸ்டர் பெடியளோடு பாடசாலையில் இருந்தார். வேலியில் என் கயிறு தொங்கியது, இரவு முழுக்க நனைந்து பாரமாக.

சணல் நனைந்தால் சுருங்கும். இது எனக்குத் தெரியாததா? எந்த வயல்காரனுக்கும் தெரியும். ஆனால் வயலில் வரம்பு இரண்டடி முன்னே பின்னே போனால் நெல் கேள்வி கேட்காது. வாழ்நாள் முழுக்க நனைந்த கயிற்றால் வரம்பு பிரித்தவன் மகன் நான். அந்தப் பழக்கத்தில், அந்த அவசரத்தில், எனக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. முளையை அடித்தேன், கயிற்றை இழுத்தேன், முடிச்சுக்கு முடிச்சுக் கோடு போட்டேன். பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, புள்ளி எல்லாம் ஒரே விகிதத்தில் குறுகியதால் பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. மத்தியஸ்தர் வந்து வலையை இழுத்துப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். “மழைக்குள்ளையும் நல்ல வேலை அண்ணை” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

போட்டி முடிய நாலைந்து நிமிசம் இருக்கும். ஒருவரும் கோல் போடவில்லை. குளத்துப் பக்கப் பெட்டிக்குள் எங்கள் பெடியனை விழுத்திவிட்டார்கள். அது பெனல்டிதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கேதீஸ் பந்தை வைத்தான். முன்னால் அவனுடைய மச்சான். நான் கம்பத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறேன். கேதீஸ் அடித்தான். நிரோசன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். விரல் பட்டது, நான் கண்டேன். விரலைத் தட்டிக்கொண்டு பந்து உள்ளே போய்விட்டது.

மிச்ச நிமிசங்களும் அப்படியே போய், கடைசி விசில் ஊதியதும் எங்கள் சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஆடினவர்களும் உண்டு. நானும் வாளியை எறிந்துவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது செல்லத்துரை அண்ணை கோல் வாசலுக்குப் போய்விட்டார். மகனின் கையைப் பிடித்து, கையுறைகளை ஒவ்வொன்றாக உருவினார்.

“மச்சானுக்கு விட்டுக் குடுத்தனியோ?”

“இல்லையப்பா. சத்தியமா இல்லை. பந்து கெதியா வந்திட்டுது.”

“எந்த நாளும் பிடிக்கிற பந்து இண்டைக்கு மட்டும் கெதியா வந்திட்டுதோ? தாயின்ர ஊருக்கு நல்லாத்தான் விசுவாசம் காட்டியிருக்கிறாய். இனி இதைத் தொடாதை.”

கையுறைகளைச் சேற்றில் போட்டுவிட்டு நடந்தார். சுற்றி நின்ற அவர்களுடைய ஆட்கள் ஒருத்தரும் நிரோசனுக்காக வாய் திறக்கவில்லை. எங்கள் பெடியள் சிலர் சிரித்தார்கள். “பந்து கெதியா வந்திட்டுது” என்பது அதற்குப் பிறகு வன்னியில் ஒரு பகிடியாகிவிட்டது. பஸ்ஸை விட்டவனும் சொல்லுவான், சோதினையில் கோட்டை விட்டவனும் சொல்லுவான். துசிகூட அதை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்.

அடுத்த நாள் விடிய வழக்கம் போல மாஸ்டர் கொப்பியோடு நின்றார். குளத்துப் பக்கம், கோல் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் உருக்கு நாடா கிடந்தது. மற்ற முனைக்கு அவர் ஒரு கல்லை வைத்திருந்தார்.

“சிவபாதம் அவர்களே, தயவுசெய்து வாசியுங்கள்.”

குனிந்து பார்த்தேன். பதினொரு மீற்றர் இருக்க வேண்டியது பத்து மீற்றரும் இருபது சொச்சம் சென்ரிமீற்றரும். அடிக்கணக்கில் இரண்டரை குறைவு. வேலியில் கிடந்த கயிற்றை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“மாஸ்டர், நான் வேணுமெண்டு செய்யேல்லை. அம்மாளாச்சி ஆணை.”

“தெரியும்.”

“இப்ப என்ன செய்யிறது?”

“மூன்று நாட்களுக்குள் லீக்கிற்குச் சொல்லலாம். அவர்கள் போட்டியைத் திரும்ப வைக்கலாம். வைக்காமலும் விடலாம். ஆனால் அந்தக் காப்பாளர் பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வரும்.”

“நீங்கள் சொல்லுங்கோவன் மாஸ்டர். நீங்கள் சொன்னால் மரியாதையாக் கேப்பினம்.”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “கோடு போட்டவர் நீங்கள். நீங்கள் சொல்ல வேண்டும்” என்றார். நாடாவைச் சுருட்டி, சேற்றைத் துடைத்து, என் கையில் தந்துவிட்டுப் போனார். ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், சண்டை பிடித்துக் களைத்துப் போய்ச் சொல்லியும் இருப்பேன்.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் வெற்றி ஊர்வலம். உழவு இயந்திரப் பெட்டியில் பெடியளை ஏற்றிச் சந்தி சந்தியாக மறித்து மாலை போட்டார்கள். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கூட வாசலுக்கு வந்து நின்று சிரித்தார்கள். அந்தச் சனம் அப்படிச் சிரித்து எத்தனை வருசம்! அந்தச் சிரிப்பை நான் எப்படிப் போய் நிற்பாட்டுகிறது? மூன்றாம் நாள் துணிந்து சைக்கிளை எடுத்துக் கிளிநொச்சிக்கு மிதித்தேன். லீக் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு தம்பி இருந்தார்.

“வாங்கோ அண்ணை, வாழ்த்துகள்! என்ன அலுவல்?”

கதிரையில் இருந்தேன். தண்ணி தந்தார்கள், குடித்தேன்.

“கோல் வலை கிழிஞ்சு போச்சுது. புதுசுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவியளோ எண்டு கேக்க வந்தனான்” என்று சொன்னேன்.

அந்தக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். இதுதான் நான். என்னுடைய நிரந்தர நியமனம் அப்போது பிரதேச சபையில் கையெழுத்துக்காகக் கிடந்தது, அதுவும் ஒரு பயம். பெடியளின் எதிர்காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுப் பொய் இல்லை. கேதீசும் இன்னும் இரண்டு பேரும் அந்த ஏற்றத்தால்தான் கொழும்புக்குப் போனார்கள். ஆனால் அடியில் கிடந்தது வேறு. பாதத்தின் கயிறு பிழைத்துவிட்டது என்று ஊர் சொல்லக் கூடாது. அவ்வளவு சின்ன விசயத்துக்காக ஒரு பெடியனை விழுங்கினேன்.

ஆறு கிழமையில் மாஸ்டரின் காலம் முடிந்தது. பிரியாவிடையில் ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்து வளைந்தார். எனக்கு முன்னால் வளைந்து நிமிர்ந்தவர் நகரவில்லை. பிந்தி வருகிறவனுக்காகப் பயிற்சியைத் தொடங்காமல் நிற்பாரே, அதே நிலை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு “போயிட்டு வாங்கோ மாஸ்டர்” என்றேன். இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு பஸ்ஸில் ஏறினார்.

கழகம் இரண்டு வருசம் முதற் பிரிவில் இருந்தது, பிறகு இறங்கியது. அதெல்லாம் மலரில் வேறு ஆட்கள் எழுதுவார்கள். நிரோசன் மாவட்ட அணிக்குப் போகவில்லை. எந்த அணிக்கும் போகவில்லை. தகப்பனும் மகனும் ஒரே வளவில் இருந்துகொண்டு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு வைகாசியிலும் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவேன், கண்ணகி அம்மனுக்கு முன்னால் நின்று “இந்த வருசம் சொல்லுறன் தாயே” என்பேன். வீட்டுக்கு வந்தால் விதைப்பு, வலை, பேரப்பிள்ளை, ஏதாவது ஒன்று. சொல்லாமல் விடுவதற்கு மனிசனுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை.

துசி கேட்டுவிட்டுப் போன பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெனல்டியைப் பற்றி என் கையாலேயே சந்தோசமாக எழுதி, அச்சில் போட்டு, அதையும் நிரோசன் வாசிக்க வேண்டுமா? நாலாம் நாள் பஸ் ஏறி ஒட்டுசுட்டானில் இறங்கினேன்.

அவன் உழவு இயந்திரம் திருத்துகிற பட்டறை வைத்திருக்கிறான். தலை முன்பக்கம் கொட்டிவிட்டது. என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“மைதானத்துப் பாதம் அண்ணையெல்லே? இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

“முதல் நான் சொல்லுறதைக் கேள் தம்பி. பிறகு தேத்தண்ணி தரலாமோ எண்டு நீ யோசி.”

சொன்னேன். மழை, கயிறு, நாடா, லீக் அலுவலகம், கோல் வலைக் கடிதம், ஒன்றும் விடவில்லை. முடிந்ததும் கேட்டான்:

“எவ்வளவு குறைவு?”

“ரெண்டரை அடி.”

எழும்பிப் போய் நிலத்தில் கிடந்த ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்து, கண்ணால் அளந்து, சிமெந்துத் தரையில் வைத்தான். ஒரு முனையில் குதிக்காலை வைத்து மற்ற முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இவ்வளவு இருந்திருந்தால் பிடிச்சிருப்பன்” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயசில் ஒரு பட்டறைக்குள் இருந்து விக்கி விக்கி அழுதேன்.

“அண்ணை, அழாதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“கொப்பரிட்டையும் வந்து சொல்லுறன் தம்பி. காலிலை விழுந்தாவது சொல்லுறன்.”

“அப்பா மூண்டு வருசத்துக்கு முதல் செத்துப் போனார்.”

எனக்கு அது தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

“கடைசியா ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை கேட்டவர்” என்று நிரோசன் சொன்னான். “அத்தனை வருசத்துக்குப் பிறகு முதல் தரமா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ‘இப்பவாவது உண்மையைச் சொல்லு, விட்டுக் குடுத்தனியோ?’ எண்டார். இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன், நம்பினவரே? திரும்ப இல்லையெண்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருப்பார், அப்பிடியே போயிருப்பார். அதாலை ஓமெண்டு சொன்னனான், அண்ணை. ஓமப்பா, மச்சானுக்காக விட்டனான், பிழைதான் எண்டு சொன்னனான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ‘சரி, விடு, மன்னிச்சிட்டன்’ எண்டார். அடுத்த நாள் செத்திட்டார்.”

பட்டறைக்குள் ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போய் அதை நிற்பாட்டிவிட்டு வந்தான்.

“இதை எழுதட்டோ தம்பி?” என்று கேட்டேன். “நீ வேண்டாமெண்டால் கிழிச்சுப் போடுறன்.”

தரையில் கிடந்த சட்டத்தை எடுத்துச் சுவரில் சாத்தினான்.

“எழுதுங்கோ. நான் அப்பாவுக்குச் சொன்னதையும் எழுதுங்கோ. முழுக்க எழுதுங்கோ” என்றான். “என்ர மூத்தவன் இப்ப கோல் காப்பாளனா நிக்கிறான். அவனிட்டையும் ஆரோ கேட்டிருக்கினம், உன்ர அப்பா விட்டவராமே எண்டு.”

ஆகவே துசி, இதில் ஒரு சொல்லும் வெட்டாமல் போடு. இடம் காணாவிட்டால் என் படத்தை எடுத்துவிட்டுப் போடு. எங்கள் கழகத்தை மேலே ஏற்றிய அந்தப் பெனல்டி முப்பத்துமூன்றரை அடியிலிருந்து அடிக்கப்பட்டது. அந்தக் கோட்டை நனைந்த கயிற்றால் போட்டவன் சிவபாதம். செல்லத்துரையின் மகன் நிரோசன் அந்தப் பந்தை விட்டுக் கொடுக்கவில்லை.